ஷட்டர் இறக்கிய பிறகு: திருகோணமலைக் கடையொன்றில் இரண்டு தேன் சுவைப்புகள்

திருகோணமலை நகருக்குள், பத்திரகாளி அம்மன் கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், என்னிடம் மனையியல் படித்த ஒருவர் சிறிய உணவுக் கடை நடத்துகிறார். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் அரிசி, பனங்கட்டி, ஒடியல் மா, கறுவா, மாசிக் கருவாடு, வறுத்து அரைத்த கோப்பி, காட்டுத் தேன், கிண்ணியாவிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிர் எல்லாம் அங்கே கிடைக்கும். சென்ற ஓகஸ்டில் அவர் கடை மூடிய பிறகு பன்னிரண்டு பேரை அழைத்துத் தேன் சுவைப்பு ஒன்று நடத்தினார். அது சரிவரவில்லை. ஐந்து வாரம் கழித்து அதே ஆட்களை வைத்து மீண்டும் நடத்தினோம். இரண்டிலும் நான் இருந்தேன். முதலாவது ஏன் பிழைத்தது, இரண்டாவதில் என்ன தெரிந்தது, தேன் எடுத்துக் கொடுப்பவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. இப்படி ஒன்றை நடத்த நினைக்கும் வேறு கடைக்காரர்களுக்கும் உதவும்.

முதல் தடவை

ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கினார். இலவசமாகச் செய்திருக்கலாமே என்று சிலர் குறைபட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காசு கொடுத்து வந்தவர் கரண்டியை வாயில் வைத்ததும் கொஞ்சம் நின்று யோசிக்கிறார்.

கிண்ணியாவில் இருந்து வருகிறவர்கள் இஷா தொழுதுவிட்டு வரட்டும் என்று இரவு எட்டரைக்கு நேரம் வைத்திருந்தார். ஒரு வைத்தியர், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பல்கலைக்கழக மாணவிகள் இருவர், உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் தம்பதி, சிங்களக் குடும்பமொன்று, எருமை வளர்த்துத் தயிர் போடும் கிண்ணியா ராத்தா, அவருடைய மகன் என்று கலந்த கூட்டம். மூதூர் கிழக்கிலிருந்து தேன் எடுத்துத் தரும் ஐயாவையும் கூப்பிட்டிருந்தார். ஐயா வேடர் வழி வந்தவர். மூதூர் கிழக்கு, வெருகல், வாகரைப் பக்கம் இருக்கும் அந்தக் குடும்பங்களுக்குத் தேன் எடுப்பது தலைமுறைத் தொழில். அவரை வெறும் விநியோகத்தராக நினைக்காமல் விருந்தாளியாக அழைத்தது கடைக்காரத் தம்பி செய்த மிக நல்ல காரியம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிப் பிழைகளைத்தான் எழுதப் போகிறேன்.

மேசையில் நான்கு தேன் இருந்தது. ஒன்று தம்பலகாமத்துப் பக்கம் மரப் பொந்திலிருந்து எடுத்த சிறு தேனீயின் தேன். மற்றது ஐயா கொண்டு வந்தது. உயரமான கிளையில் ஒற்றை வதையாகத் தொங்குமே, அந்தப் பெரிய தேனீயின் தேன். மூன்றாவதும் ஐயாவின் தேன்தான், ஆனால் கடைக்காரர் அகலச் சட்டியில் காய்ச்சி நுரை எடுத்துப் போத்தலில் அடைத்தது. நான்காவது சூப்பர் மார்க்கெற்றில் வாங்கிய இறக்குமதித் தேன்.

வாழையிலை விரித்து, குத்துவிளக்கு வைத்து, ஷட்டரை இறக்கி, ஏசி போட்டிருந்தார். தேன் போத்தல்களை மத்தியானமே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டார், வெயில் காலத்தில் குளிர்ச்சியாகக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்று. காய்ச்சிய கறுப்புத் தேன் முதலில் வந்தது. ஒவ்வொரு தேனுக்கும் இடையில் வாயைச் சுத்தமாக்க ஒரு கரண்டி எருமைத் தயிர். கடைசியில் எல்லாரும் துண்டுத் தாளில் புள்ளி போட்டுக் கொடுத்தார்கள். காய்ச்சிய தேன் முதலாவது. இறக்குமதித் தேன் இரண்டாவது. ஐயாவின் தேன் கடைசி.

ஐயா எழுந்து பக்கக் கதவால் வெளியே போய் நின்றார். நான் பின்னால் போனேன்.

"என்ன ஐயா, ஒண்டும் கதைக்காமல் வந்திட்டீங்கள்?"

"அது நான் குடுத்த தேன் மாதிரியே இல்ல அம்மா. குளிரில வைச்சா மணம் எப்பிடி வரும்? நானே கண்டுபிடிக்கேல்ல."

இருபது வருடத்துக்கு மேல் தேன் எடுத்தவர் தன் தேனை அடையாளம் காணவில்லை என்றால், பிழை தேனில் இருக்க முடியாது. இரண்டாவது தடவை நடந்ததற்கு அந்த ஒரு பேச்சுத்தான் காரணம்.

இன்னொன்றும் அன்று நடந்தது. விடுதி நடத்தும் தம்பதி எட்டு மாதக் குழந்தையோடு வந்திருந்தார்கள். யாரோ அன்பாகத் தேனைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைக்கப் போனார்கள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் பொட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றை வளர விடாது, சிசுவின் குடலில் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை. பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கிற வழக்கம் நம் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது, அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். தேன் சுவைப்பு நடத்துபவர் வாசலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கே பிழைத்தது

நாக்குக்குத் தெரிவது கொஞ்சம்தான். இனிப்பு, புளிப்பு, கைப்பு அளவில் அது நின்றுவிடும். இது வேப்பம்பூத் தேனா, புகை பிடித்த தேனா என்று சொல்வது மூக்கு. தேன் வாயில் இளகும்போது அதன் மணம் தொண்டையின் பின்பக்கத்தால் மூக்குக்குள் ஏறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கரண்டி தேன் வைத்துப் பாருங்கள், வெறும் சீனிப்பாகு போலத்தான் இருக்கும். கையை எடுத்தவுடன் தேன் வந்துவிடும்.

அந்த மூக்கைத்தான் அன்று நாங்கள் எல்லாப் பக்கத்தாலும் அடைத்திருந்தோம். ஷட்டர் இறக்கிய கடைக்குள் அரைத்த கோப்பியும் கறுவாவும் மாசியும் மணந்தன, ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தந்தது. ஆண்கள் இருவர் அத்தர் பூசியிருந்தார்கள். என் கொண்டையிலும் மல்லிகைப்பூ இருந்தது, அதையும் கணக்கில் சேர்க்கிறேன். குத்துவிளக்கின் நல்லெண்ணெய் மணம் வேறு. பத்து நிமிடத்தில் மூக்கு அந்த மணங்களுக்குப் பழகி, ஒன்றும் மணக்கவில்லை என்று நம்மை ஏமாற்றிவிடும். குளிரூட்டிய தேனில் இருந்து மணம் அவ்வளவாக எழும்பாது. எழும்பியதும் காய்ச்சிய தேனின் கருகிய பாகு மணம் மட்டும். அதையே முதலில் கொடுத்ததால் அடுத்து வந்த மூன்றும் சாதுவாகத் தெரிந்தன.

தயிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எருமைத் தயிரும் தேனும் எங்கள் பக்கத்தின் பெருமை. எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 வீதம் இருக்கும், பசுப்பாலைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மண்சட்டி தயிரின் நீரை உறிஞ்சி வெளியே ஆவியாக்குவதால் தயிர் இறுகியும் குளிர்ந்தும் இருக்கிறது. சாப்பிடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் அந்தக் கொழுப்பு நாக்கில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதோடு தேனும் புளிப்புள்ள பொருள்தான், அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4ஐ ஒட்டியே நிற்கும். இனிப்பு அந்தப் புளிப்பை மறைத்து வைத்திருக்கிறது. தயிரின் புளிப்புக்குப் பிறகு தேனை வைத்தால் தேனின் சொந்தப் புளிப்பு முற்றாகக் காணாமல் போகும். கிண்ணியா ராத்தா அன்றே இதைச் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை.

"தயிரக் கடைசியில வெக்கணும் ரீச்சர். இதத் திண்டா வேற ஒண்டும் நாக்குல ஏறாது."

முதலில் பேசியவர்

இத்தனை பிழையும் திருத்தக்கூடியவை. எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது வேறு. முதல் கரண்டி வைத்தவுடன், ஓய்வு பெற்ற வங்கிக்காரர், எல்லாரும் மதிக்கும் மனிதர், சொன்னார்: "இதுதான் அசல் தேன். பாருங்கோ, தண்ணிக்குள்ள விட்டாக் கரையாது." தண்ணீர்க் கிளாஸ் வந்தது. காய்ச்சிய தேன் கட்டியாகக் கீழே போய்ப் படிந்தது. ஐயாவின் தேன் விழுந்தவுடன் இழை இழையாகக் கலங்கியது. அதற்குப் பிறகு புள்ளித் தாள்களை எடுத்துப் பார்த்தால், எட்டுத் தாளில் காய்ச்சிய தேனுக்கு நேரே "அசல்" என்ற அதே சொல்.

அவரில் கோபமில்லை, அவர் கேள்விப்பட்டதைத்தான் சொன்னார். ஆனால் தண்ணீரில் கரைகிறதா, தீக்குச்சி எரிகிறதா, எறும்பு மொய்க்கிறதா என்ற சோதனைகள் எதுவும் தேனின் உண்மையைச் சொல்லாது. தண்ணீரில் கீழே போவது பதம் தடித்த எதுவும், சீனிப்பாகும் போகும். தேனில் ஈரப்பதம் கூடினால் அது இளகி விரைவில் கலக்கும். உலக உணவுத் தரநூலான கோடெக்ஸ் தேனுக்கு 20 வீத ஈரப்பதத்தை உச்ச எல்லையாக வைத்திருக்கிறது. எங்கள் ஈரக்காற்றில் காட்டுத் தேன் அதைத் தாண்டுவது சாதாரணம். நான் கைக்கருவியால் அளந்தபோது ஐயாவின் தேன் 22 காட்டியது. காய்ச்சியது 18. ஆக, கிளாஸ் சோதனையில் ஐயாவின் நல்ல தேன் தோற்றது, சட்டியில் மணத்தை இழந்த தேன் வென்றது.

ஆய்வுகூடத்துக்குக் கூட இது லேசான வேலையில்லை. கரும்புச் சீனியோ சோளப்பாகோ கலந்திருந்தால் கார்பன் ஐசோடோப்பு அளவில் பிடித்துவிடலாம், ஏனென்றால் கரும்பும் சோளமும் கார்பனைப் பிடிக்கும் வழி பூச்செடிகள் பெரும்பாலானவற்றின் வழியிலிருந்து வேறு. அரிசிப்பாகும் பனம்பாணியும் கித்துள் பாணியும் அந்தச் சோதனைக்குத் தப்பிவிடும். பிறகு வேறு பரிசோதனை வேண்டும். எனவே பன்னிரண்டு பேர் கரண்டியோடு உட்கார்ந்து கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எது பிடிக்கிறது, எதில் எந்த மணம் இருக்கிறது, இரண்டு தேனுக்குள் வித்தியாசம் தெரிகிறதா, இவ்வளவுதான் நாங்கள் சொல்லக்கூடியது. அதைக்கூட ஒரு மூத்தவர் வாய் திறந்த பிறகு சொல்ல முடியாது. நம் ஊரில் மூத்தவர் சொன்னதை மறுத்துப் பேசுவது மரியாதையில்லை. அந்த மரியாதையை நான் மதிக்கிறேன். அதனால்தான் பேசும் ஒழுங்கை மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது தடவை

செப்டெம்பர் கடைசி. கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. கடைக்குப் பின்னால் உள்ள திறந்த விறாந்தையில் மேசை போட்டோம். வாசனை பூசாமல், பூ வைக்காமல், வெற்றிலை போடாமல், ஒரு மணித்தியாலத்துக்கு முன் தேநீர் குடிக்காமல் வரும்படி எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். தேன் வெளியே, அறைச் சூட்டில். இடையில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாணின் உள்பகுதியும் மட்டும். தம்பி ஆசைப்பட்ட சிரட்டைக் கரண்டி வேண்டாம் என்றேன், சிரட்டைக்குச் சொந்த மணம் உண்டு. எவர்சில்வர் தேக்கரண்டிகள் நிறைய வாங்கினோம், ஒரு கரண்டியை யாரும் இரண்டு தடவை வாயில் வைக்கக் கூடாது.

நிறத்தை மறைக்கவும் வழி தேவைப்பட்டது. ஒலிவ் எண்ணெய் சுவைப்பவர்கள் நிறம் தெரியாதபடி நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பயன்படுத்துகிறார்கள், குழுவில் 8 முதல் 12 பேர். சுவை ஆய்வுகூடங்களில் சிவப்பு விளக்கும் போடுவதுண்டு. எங்களுக்குச் சாமியறையில் எரியும் சிவப்பு சீரோ பல்ப் நான்கு போதுமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் நான்கு தேனும் ஒரே நிறம்.

பிறகு ஒழுங்கு. முதல் பதினைந்து நிமிடம் யாரும் கதைப்பதில்லை, எழுதுவது மட்டும். பிறகு வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும், வங்கி ஐயா கடைசியில். அவரிடம் முதலே போய்க் காரணத்தைச் சொன்னேன். "நல்லது ரீச்சர், அப்பிடியே செய்வம்" என்றார். அன்று மிகக் கவனமாக எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

இந்தத் தடவை மூன்று கிண்ணச் சோதனையும் வைத்தேன். மூன்றில் இரண்டு ஒரே தேன், ஒன்று வேறு. அந்த வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு வாக்கில் சொன்னாலும் பன்னிரண்டு பேரில் சராசரியாக நான்கு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால், குறைந்தது எட்டுப் பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று ஏற்கலாம். காய்ச்சிய தேனையும் காய்ச்சாததையும் ஒன்பது பேர் பிரித்துச் சொன்னார்கள். வேறானது எது என்று சொன்னதோடு, புள்ளியிலும் இந்தத் தடவை காய்ச்சாதது மேலே வந்தது. தம்பலகாமத்துப் பொந்துத் தேன் எல்லாவற்றுக்கும் மேலே.

ஐயா ஒரு புதிய விடயத்தைக் கொண்டு வந்திருந்தார். ஒரே மரத்து வதையில் பாதியை நறுக்கித் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தானாக வடிய வைத்திருந்தார். மற்றப் பாதியை வழக்கம்போலக் கையால் பிழிந்திருந்தார். பிழியும்போது தேனோடு மகரந்தமும், சில வேளை புழுவின் சாறும் இறங்கிவிடும். இந்த இரண்டையும் கிண்ணத்தில் வைத்தோம். ஏழு பேர் சரியாகச் சொன்னார்கள். எட்டு வேண்டும். தம்பிக்கு முகம் வாடிவிட்டது, வடித்த தேனைக் கூடிய விலைக்கு விற்க அவர் நினைத்திருந்தார். ஏழோ அதற்கு மேலோ என்பது குருட்டு வாக்கிலும் நூறு தடவையில் ஆறு ஏழு தடவை வரக்கூடியது. சுவையில் வித்தியாசம் என்று போத்தலில் எழுத அது போதாது என்று சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

எழுதி வைத்த சொற்கள்

எனக்கு இந்த ஆய்விலேயே மிகப் பிடித்தது அந்தப் பன்னிரண்டு தாள்கள். முதல் தடவை "நல்லம்", "இனிப்பு", "அசல்" என்ற மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதவர்கள் இந்தத் தடவை எழுதியதைப் பாருங்கள்: தொண்டை காறுது. புகைக்கூடு மணம். மழை விழுந்த சாக்கு. பச்சை இலையைக் கசக்கின மாதிரி. பனங்கட்டியின் அடிப்பக்கம். பழப்புளியின் கடைசி. நாக்கின் ஓரம் துவர்க்குது. மாணவி ஒருத்தி "பாலைப்பழத் தோலை மென்ற பிறகு வாயில் மிஞ்சுகிற பசை" என்று எழுதியிருந்தாள். உலர் வலயக் காட்டில் பாலைப்பழம் பொறுக்கித் தின்ற பிள்ளையால்தான் அப்படி எழுத முடியும்.

சிங்களக் குடும்பத்து அம்மா கித்துள் பாணியோடு ஒப்பிட்டுச் சொன்னார், அவருடைய மகன் அதைத் தமிழில் எழுதினான். "புகைக்கூடு மணம்" என்று ஐந்து பேர் எழுதியது ஐயாவின் தேனைத்தான். அதை வாசித்ததும் அவர் தலையாட்டினார். அன்று ஈரச் சருகைக் கொளுத்திப் பந்தம் பிடித்ததாகவும், புகை வதைக்குள் அதிகம் ஏறிவிட்டதாகவும் சொன்னார். சுவைத்தவர்களின் சொல் எடுத்தவரின் வேலைக்குப் போய்ச் சேர்ந்த இடம் அது. சுவைப்பு ஒன்று எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். இத்தாலியில் தேன் சுவைப்பதற்குப் பயிற்சி பெற்றவர்களுக்கெனப் பதிவேடே இருக்கிறது. எங்களுக்கு அவ்வளவு இப்போது வேண்டாம், இந்தச் சொற்களைச் சேர்த்து வைக்க ஒரு கொப்பி போதும். தம்பி வாங்கிவிட்டார்.

கடைசியாக ராத்தாவின் தயிர்ச் சட்டியைத் திறந்தோம். சிவப்பு பல்பை அணைத்து வெள்ளை விளக்கைப் போட்டு, அவரவர் விரும்பிய தேனை ஊற்றிக்கொண்டு, நிம்மதியாகக் கதைத்துச் சாப்பிட்டோம். பத்தரைக்குத்தான் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு

வடித்த போத்தலையும் பிழிந்த போத்தலையும் தம்பி ஒரே தட்டில், ஒரே சூட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் 22 வீத ஈரப்பதம். நொவெம்பர் நடுப்பகுதியில், வெளியே வாடை மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, பிழிந்ததின் மூடியைத் திறக்க "உஸ்" என்று காற்று வந்தது, மேலே நுரை. புளிக்கத் தொடங்கிவிட்டது. வடித்தது அப்படியே இருந்தது. இது ஒரே ஒரு சோடிப் போத்தல், இன்னும் சில சோடிகளை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வருவது நுரைத்த போத்தலைத்தான், அந்தப் பயத்தில்தான் தம்பி காய்ச்சத் தொடங்கினார். அதனால் சுவையைச் சொல்லிக் கேட்க முடியாத கூடிய விலையை, கெடாமல் இருப்பதைச் சொல்லி ஐயாவுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். வடிப்பதற்கு இரண்டு நாள் செல்கிறது, அளவும் குறைகிறது. அந்தக் கூலி அவருக்குச் சேர வேண்டும்.

ஈரப்பதத்தைக் குறைக்கும் வழியையும் ஐயாவே சொன்னார். தேனீ தேனை வற்றச் செய்து பதம் வந்த பிறகுதான் அறைக்கு மெழுகு மூடி போடும். "மூடாத கண்ணில எடுத்தா அது தண்ணிதான் தம்பி. விலை பேசுறவங்கள் அவசரப்படுத்துறதால சேர்த்து வெட்டுறம்." அடுத்த பருவத்தில் மூடிய பகுதியை மட்டும் தனிக் கானில் தருவார். தம்பி அவசரப்படுத்த மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

போத்தல்களில் இப்போது எடுத்த பக்கமும் மாதமும் எழுதப்படுகின்றன. காய்ச்சிய தேனை முற்றாக நிறுத்தும்படி நான் கேட்டேன். அது நடக்கவில்லை. அந்தக் கருகிய பாகு மணத்துக்குப் பழகிய பழைய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேன் என்றால் அதுதான். கீழ்த் தட்டில் ஐந்தாறு போத்தல் இன்னும் இருக்கிறது. மாவிலைப் பச்சை லேபலில், மற்றவற்றில் மாதம் எழுதியிருக்கும் அதே இடத்தில், "காய்ச்சியது" என்று தம்பி தன் கையால் எழுதியிருக்கிறார்.